உப்பு பார்க்கும் வேலை

நான் போகும் மாலை வகுப்புக்குப் பக்கத்தில் உள்ள வியட்நாம் உணவகத்தில் பருவத்துக்குப் பருவம் சூப் மாறும். அதற்கு உப்பு பார்ப்பவன் நான். போன வருடக் காய்ச்சலில் சமையற்காரருக்கு நாக்கு ருசி போய்விட்டது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலையும் போய்விடும். தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்.

இந்த வாரம் எனக்குக் காய்ச்சல். மழைக்கால நண்டு சூப் தொடங்கிய ஐந்து நாளும் படுத்தே கிடந்தேன். இன்று உடம்பை இழுத்துக்கொண்டு போய், சமையலறைப் பின்கதவில் நின்று சமையற்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்குத் தம்பி? தினமும் வந்து புளிப்பு ஜாஸ்தி, உப்பு கம்மின்னு உயிரை வாங்கினியே."

"நான் வரவே இல்லண்ணே."

"வெளிய எப்ப போனே? இப்பதான உள்ள ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தே."

பையிலிருந்த என் டைரியை எடுத்துப் புரட்டினேன். ஐந்து நாளும் 'காய்ச்சல், படுக்கை' என்றுதான் எழுதியிருந்தது. சரியாகத்தான் எழுதினேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அவர் ஒரு கரண்டி சூப்பை ஊற்றி நீட்டினார். குடித்தேன். வெறும் வெந்நீராக இருந்தது. உப்பும் தெரியவில்லை, நண்டும் தெரியவில்லை. அவரிடம் என்ன சொல்வதென்று யோசித்தேன்.

"இன்னிக்கு சரியா இருக்குண்ணே," என்றது அவருக்குப் பின்னாலிருந்து என் குரல்.

அவர் நிம்மதியாக அடுப்பை அணைத்தார்.