ஊதா அடித்த மரங்கள்

முதலில் தப்புச் செய்தவன் பக்கத்து நிலத்துக்காரன் வெண்டல் கிராட்டி. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மான் வேட்டை சீசனின் முதல் நாள். என் நிலத்தில் நான் சுட்ட ஆண்மான் எல்லை தாண்டி அவன் நிலத்தில் போய் விழுந்தது. பத்துக் கிளைக் கொம்பு. தன் மண்ணில் விழுந்தது தன்னுடையது என்று இழுத்துப் போய்விட்டான். இறைச்சி போகட்டும். கொம்பு இன்றைக்கும் அவன் மாட்டுக்கொட்டகை வாசலில் தொங்குகிறது.

மறுநாளே எல்லை மரங்களில் ஊதா பெயிண்ட் அடித்தேன். எங்கள் மிசௌரியில் ஊதா அடித்த மரத்தைக் கேட்காமல் தாண்டினால் குற்றம். போர்டு எழுதி மாட்ட வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு அது வசதி. வெண்டல் தன் பக்கம் ஒரு மரத்திலும் அடிக்கவில்லை. சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் என் முட்டி போய்விட்டது. ஆறு வருஷமாகப் பிரஷ்ஷைத் தொடவில்லை. ஆனாலும் நிறம் வெளுக்கவேயில்லை. கீழே பாதையிலிருந்தே பளிச்சென்று தெரியும். பெயிண்ட் என்றால் இதுதான் பெயிண்ட் என்று மனைவி ஓப்பலிடம் பெருமை பேசுவேன்.

இந்த வருஷம் சீசனுக்கு முந்தின வாரம், ஒரு காலையில், கோலூன்றி மலைமேல் எல்லை வரை ஏறினேன். இடுப்பில் கைத்துப்பாக்கி. எல்லைக்கு இந்தப் பக்கம், என் மரத்தடியில் வெண்டல் குனிந்திருந்தான்.

கூப்பிட்டேன். சட்டென்று திரும்பினான். கையில் கறுப்பாக ஏதோ இருந்தது. துப்பாக்கியை உருவி நீட்டிவிட்டேன்.

"கீழ போடு."

போட்டான். கைகளைத் தூக்கினான்.

"ஹோபர்ட், நான்தான்பா."

"நீதான்னு தெரிஞ்சுதான் நீட்டறேன்."

துப்பாக்கி வகுப்பில் வாத்தியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எடுக்காவிட்டால் செத்துப்போவோம் என்றால் மட்டும் வெளியே எடு, மிரட்டுவதற்கு எடுக்காதே என்று. நான் எடுத்தது எதற்கு? கொம்புக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, நானே போலீஸுக்குப் போன் செய்தேன். நகராதே என்றேன். அவனும் நகரவில்லை. ஒரு கட்டையில் உட்கார்ந்து தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

போலீஸ்காரன் டென்னி வந்தான். அத்துமீறி நுழைந்ததற்குக் கேஸ் எழுதச் சொன்னேன். துப்பாக்கியை நீட்டித்தான் ஆளை நிறுத்தினேன் என்றும் சொன்னேன். டென்னியின் பேனா நின்றது.

"பெரியவரே, அவர் உங்களை ஏதாவது பண்ண வந்தாரா?"

"என் மரத்துக்கிட்ட நின்னான்."

"அதுக்குத் துப்பாக்கியைக் காட்டினா, உள்ள போகப்போறது நீங்க."

வெண்டலிடம் திரும்பி, நீட்டினாரா என்று கேட்டான். வெண்டல் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டான்.

"நான் எதையும் பார்க்கலை. தொப்பை போட்டுடுச்சில்ல, பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கிட்டான்."

இந்தப் பக்கம் எதற்கு வந்தாய் என்றதற்கு, வழி தப்பிவிட்டது என்றான். பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருக்கிறவன். டென்னி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு நோட்டை மூடினான்.

என்னைப் பொய்யனாக்கிவிட்டானே என்று ராத்திரி முழுக்கப் பொருமினேன். அவன் கீழே போட்டது கத்தியோ துப்பாக்கியோ, அதை எடுத்துப் போய் டென்னியிடம் காட்டியே தீருவது என்று மறுநாள் மறுபடி ஏறினேன். சருகைக் கோலால் கிளறினேன்.

கிடைத்தது கறுப்புப் பிடி போட்ட பெயிண்ட் பிரஷ். மரத்துக்குப் பின்னால் ஒரு டப்பா, பாதி ஊதா. மரத்தில் குறியும் பாதிதான் பூசியிருந்தது. இந்த வருஷம் இன்னும் பூசாத பாதியை நகத்தால் சுரண்டினேன். பூச்சுக்கு மேல் பூச்சாகக் கனமாக உரிந்து வந்தது.

குறி வெளுத்த காட்டில் வெளியூர் வேட்டைக்காரன் எவன் வேண்டுமானாலும் நுழைந்து சுடுவான். கோலூன்றி நடக்கிற கிழவன் மேல் குண்டு படாமல் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டது யார் என்று அப்போதுதான் புரிந்தது.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். எல்லையில் நின்றபோதே தூரத்தில் கொட்டகை வாசலில் கொம்பு தெரிந்தது. அதை அவன் எனக்கு இன்னும் தர வேண்டும். அந்தப் பாக்கி பாக்கிதான்.

கேட்கத்தான் போக முடியாது. பதினோரு வருஷமாக வெறுமையாக இருந்த அவன் பக்கத்து மரங்களில் ஊதா அடித்திருந்தது. ஈரம்கூடக் காயவில்லை.