பதினோரு மணிக்குள்

"இந்த ப்ராசஸர்ல ஏறாதுங்குது அத்தை," என்றாள் மருமகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏறாதா, ஏத்த மனசில்லையா?"

இரண்டு வருடமாக இந்த வீட்டில் பேச்சு இப்படித்தான். ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு. உப்பு டப்பாகூடத் தனித்தனி.

மணி ஒன்பது இருபது. பதினோரு மணிக்கு மாமியாரின் மகன், இவளுடைய கணவன், திரையில் வருவான். மாதம் ஒருமுறை, பத்தே நிமிடம். இதுவரை குரல் மட்டும்தான். மாமியார் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவாள். இந்த மாதத்திலிருந்து முகம் பார்த்தே பேசலாம் என்று கடிதம் வந்திருந்தது.

அதற்கென்று ஒரு சாப்ட்வேர். அந்த சாப்ட்வேர் ஓடுவதற்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். புது சிஸ்டமோ, கூடத்து மூலையில் பன்னிரண்டு வருடமாக உறுமிக்கொண்டிருக்கும் இந்தக் கம்ப்யூட்டரின் ப்ராசஸரைக் கண்டதும் வாசலிலேயே மறித்து நின்றது.

மாமியாரிடம் இருப்பது பட்டன் போன். தன் போனைத் தர மாட்டேன் என்று மருமகள் ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் விடியும்போதே முடிந்துவிட்டது.

இரண்டாவது முறை போட்டுப் பார்த்தாள். அதே செய்தி. மூன்றாவது முறையும் அதே.

முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். ஆனால் வேண்டுமென்றே கெடுத்தாள் என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள் இந்தக் கிழவி. அந்தப் பேர் மட்டும் வேண்டாம்.

அலுவலகத்தில் நாளெல்லாம் கம்ப்யூட்டரில் பில் அடிக்கிறவள்தான். அதன் வயிற்றைக் கிளறிப் பார்த்தவள் இல்லை. போனில் தேடினாள். பழைய ப்ராசஸரோடு மல்லுக்கட்டியவர்கள் உலகம் பூராவும் இருந்தார்கள். அவர்களில் யாரோ ஒருவர் குறுக்கு வழி எழுதி வைத்திருந்தார். எழுத்தெழுத்தாகப் பார்த்து, கறுப்புத் திரையில் நான்கு வரி அடித்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் மாமியார் கூடத்தைக் காலி செய்துகொண்டிருந்தாள். மருமகளின் கைப்பை, குடை, வாசலோரம் கிடந்த செருப்பு, நாற்காலியில் மடித்துப் போட்டிருந்த துணி. அள்ளிக்கொண்டு போய்ப் பின்னறையில் எறிந்தாள்.

"என் பிள்ளை கண்ணுல உன் சாமான் ஒண்ணுகூடப் படக் கூடாது."

மருமகள் காதில் வாங்காதவளைப் போல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன பண்ணிட்டிருக்க?"

"ப்ராசஸர் எந்தக் காலத்ததுன்னு கேக்குது. அந்தக் கேள்வியையே எடுத்துட்டேன்."

இந்த முறை மறிக்கவில்லை. பத்து சதவீதம். முப்பது. அறுபத்திரண்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. விசிறி இரைந்தது. மணி பத்து இருபத்தைந்து. மாமியாரின் மூச்சு பிடரியில் பட்டது.

"நின்னுபோச்சா? நின்னா உனக்கு சந்தோஷம்தானே."

அறுபத்து மூன்று.

கம்ப்யூட்டர் மூன்று முறை தானாக அணைந்து தானாக எழுந்தது. பத்து ஐம்பதுக்குப் புதுத் திரை மலர்ந்தது. மிச்சமிருந்த சாப்ட்வேரை ஐந்து நிமிடத்தில் போட்டு முடித்தாள். தன் கைவேலை பலித்துவிட்டதே என்றுதான் இருந்தது.

"எழுந்திரு," என்றாள் மாமியார். நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டாள். கேமராவுக்கு எட்டாத சுவர்ப்பக்கத்தை விரலால் காட்டினாள். "அங்க போய் நில்லு. மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கக் கூடாது."

பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டரில் அழைப்பு மணி அடித்தது.

சுவரோடு ஒட்டி நின்ற இடத்திலிருந்து மருமகளுக்குத் திரை தெரியவில்லை. திரையின் வெளிச்சம் விழுந்த மாமியாரின் முகம் மட்டும் தெரிந்தது. முதலில் ஒரு காவலரின் குரல் கைதியின் எண்ணைச் சொன்னது. பத்து நிமிடம் என்றது. அடுத்து அவன் குரல்.

இரண்டு வருடம் கழித்துக் கேட்கிறாள். கடைசியாகக் கேட்டது நீதிமன்றத்தில். மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்துவிட்டு, கைக்கட்டோடு கூண்டில் ஏறி, இவர்தான் மாடிப்படியிலிருந்து தள்ளினார் என்று அவள் சாட்சி சொன்ன நாளில்.

சாப்பிட்டாயா என்று தாய் கேட்டு முடிப்பதற்குள் மகன் கேட்டான்: "அவ இருக்கற இடம் தெரிஞ்சுதா?"

"அதான் மாசாமாசம் சொல்றேனே. கேஸ் முடிஞ்ச அன்னிக்கே போயிட்டா. எங்க போனான்னு யாருக்கும் தெரியாது."

மாமியாரின் பார்வை திரையிலிருந்து இம்மிகூட நகரவில்லை.

"அப்ப இதெல்லாம் யாரு போட்டுக் குடுத்தது?"

"கடைக்காரன் வந்தான்."

அவன் சிரித்தான். "சரி விடும்மா. இன்னும் நாலு மாசம். வெளிய வந்து நானே தேடிக்கறேன்."

மிச்ச நிமிடங்களில் மாமியார் தன் முழங்கால் வலியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினாள். மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பத்தாவது நிமிடத்தில் இணைப்பு தானாக அறுந்தது. மாமியார் எழுந்திருக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காதுல விழுந்துதில்ல? நாலு மாசத்துக்குள்ள வேற ஊர்ல வேலை பாத்துக்க," என்றாள், அதே கடுகடுப்போடு. "எந்த ஊருன்னு எங்கிட்ட சொல்லாத."