முசுறுகள் என்ன செய்யும்?

மாமரத்தில் கூடு கட்டியிருந்த முசுறு எறும்புகள்மீது படையெடுக்க, வேரடியில் இருந்த கட்டெறும்புகள் முடிவு செய்தன. வேவு பார்த்துவிட்டு வந்த கூர்மீசையிடம் தளபதி கேட்டது: “நாம் தாக்கினால் முசுறுகள் என்ன செய்யும்?”

“பாதிப் படை நம்மைத் தடுக்கும். மீதிப் படை பின்பக்கமாக இறங்கி நம் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். புற்றில் காவல் வையுங்கள், ஐயா.”

“ஓடிவிடும் என்றல்லவா நினைத்தேன்! சரியாகப் பார்த்துவிட்டு வா.”

கூர்மீசை மறுபடி மரமேறியது. வந்து மறுபடி அதையே சொன்னது. மூன்றாம் முறை திரும்பியபோது அதற்கு ஒரு கால் போயிருந்தது. “அதேதான், ஐயா,” என்றது பல்லைக் கடித்துக்கொண்டு.

“நீ பயந்துபோயிருக்கிறாய்,” என்ற தளபதி, காவலுக்கு ஒருவரைக்கூட விடாமல் மொத்தப் படையோடும் கிளம்பியது.

முசுறுகள் பின்பக்கமாகத்தான் இறங்கின. கால் போனதால் புற்றிலேயே தங்கிவிட்ட கூர்மீசையால் தனியாளாக மூன்று முட்டைகளைத்தான் கல்லிடுக்கில் ஒளிக்க முடிந்தது.

தோற்றுத் திரும்பிய தளபதி காலிப் புற்றை வெறித்துப் பார்த்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டது. “நாளைக்கு மறுபடி தாக்குவோம். இந்தத் தடவை கட்டாயம் ஓடிவிடும், இல்லையா?”

“ஓடத்தான் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள், ஐயா,” என்றது கூர்மீசை. “நான் போய் அவற்றிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.”