வாம்பட் அனுப்பிய திருத்தம்

"மூணு வாரமா ஒரு தடவைகூட அலறலையா?" என்று கேட்டபடி, தான் கொண்டுவந்த கிரீம் கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்தாள் ரேலீன்.

"மூச்சு விடலை" என்றாள் கிளெனிஸ் பெருமையாக.

பழைய செல்போனைப் பிரித்து அவளே செய்த கைப்பட்டை அது. கணவன் மெர்வினின் கையில் மாட்டியிருந்தாள்; அவன் ஃப்ரிட்ஜைத் திறந்தால், உள்ளே எரியும் விளக்கைக் கண்டு அலறும். திங்கட்கிழமை அவனுக்கு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை ஏறியிருந்தால் தினமும் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஆனா உன் வீட்டுக்காரருக்கு பெல்ட்டே எட்டலையே?"

"பட்டையைக் குறை சொல்லாதே. செய்முறை, புரோகிராம் எல்லாத்தையும் இணையத்துல திறந்து வச்சிருக்கேன். யார் வேணா திருத்தி அனுப்பலாம். வாம்பட்னு பேரு வச்சுக்கிட்டு ஒரு புண்ணியவான் வாராவாரம் அனுப்புறான். நானும் அப்படியே ஏத்துக்கிறேன்."

"படிச்சுப் பார்க்காமலா?"

"சும்மா உழைச்சுக் கொடுக்கிறவனைச் சந்தேகப்படலாமா? மெர்வினும் இருக்கானே, டிவி ரிமோட்டைக்கூட நான்தான் அமுக்கணும்."

லேப்டாப்பில் மணி அடித்தது.

"பாரு, வாம்பட்தான்."

ரேலீனுக்காக, கிளெனிஸ் முதல்முறையாக வாய்விட்டுப் படித்தாள்.

'வெள்ளிக்கிழமை மதியம் பட்டை அலற வேண்டாம். ரேலீன் கேக் கொண்டுவரும் நேரம்.'

கிளெனிஸ் மெல்லக் கூடத்துப் பக்கம் திரும்பினாள். "மெர்வின், கம்ப்யூட்டரெல்லாம் எப்போ கத்துக்கிட்டே?"

"நீ பட்டையை மாட்டிவிட்ட மறுநாளே" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. "அதை விடு. திருத்தத்தை ஏத்துக்கிட்டியா இல்லையா? பசிக்குது."