பெயர் வெளியே வராது

லிம்பே நகரச் சந்தைக்குப் பின்னால் இருந்த டீக்கடையில், கடைசி மேஜையில் சார்ஜென்ட் தமண்டானி காத்திருந்தாள். சீருடை இல்லை. பல்கலைக்கழக முத்திரையும் அவளுடைய பேராசிரியரின் கையெழுத்தும் உள்ள படிவம் மட்டும் முன்னால் இருந்தது.

குற்றவியல் முதுகலையில் அவளுடைய ஆய்வு சைக்கிள் திருடர்களைப் பற்றியது. பட்டம் கிடைத்தால் இன்ஸ்பெக்டர் ஆகிவிடுவாள். இதுவரை ஏழு திருடர்கள் அவளிடம் மனம்விட்டுப் பேசியிருந்தார்கள். ஏழு பேரும் இப்போது சிறையில் இருந்தார்கள். பேசியது மட்டும்தான் பேராசிரியருக்குத் தெரியும்.

எட்டாவது ஆள் ஃபைசன் வந்து உட்கார்ந்தான். ஒல்லியான இளைஞன். தேய்ந்த ரப்பர் செருப்பு. அவள் வாங்கிக் கொடுத்த மந்தாசி என்ற எண்ணெய்ப் பலகாரத்தை டீயில் முக்கித் தின்றான்.

"நெசமாவே என் பேரு வெளிய வராதா மேடம்?"

"அச்சடிச்சே இருக்கு பாரு. 'தங்கள் பெயர் எக்காரணம் கொண்டும் வெளியிடப்படாது.' நம்பிப் போடு கையெழுத்த."

எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போட்டான்.

"எத்தனை சைக்கிள் எடுத்திருக்க?"

"போன மாசம் மூணு. பூட்டாம நின்னுச்சு, ஏறி மிதிச்சுட்டுப் போயிட்டேன்."

"எங்க வித்த, கூட்டாளி யாரு?"

"ரெண்டு கேள்வியை ஒண்ணாக் கேக்கறீங்களே மேடம். தனித்தனியாக் கேட்டா பதில் சுத்தமா வரும்."

"திருட்டுப் பயலுக்குக் கொழுப்பப் பாரு!" தமண்டானி சிரித்தாள். "சரி, சைக்கிள் இப்ப எங்க?"

"விக்கல. எங்க வீட்டுலதான் நிக்குது."

அது போதும். கைப்பையிலிருந்து விலங்கை எடுத்து அவனுடைய இடது கையில் மாட்டினாள்.

"பேரு வெளிய வராதுன்னீங்களே!"

"ஆய்வுல வராதுடா. கோர்ட்டுல வரும். உனக்கு முன்னாடி ஏழு பேருக்கு வந்த மாதிரி."

ஃபைசன் மிச்ச டீயைக் குடித்து முடித்தான்.

"அந்த மூணும் எங்கப்பா வாடகைக்கு விடற சைக்கிள் மேடம். ரசீது இருக்கு."

விலங்கில்லாத கையால் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவை நிறுத்தினான். பிறகு ஒரு தாளை எடுத்து அவள் முன் விரித்தான்.

அதே முத்திரை. அதே பேராசிரியரின் கையெழுத்து. தலைப்பு: 'பொய் வாக்குறுதி தந்து வாக்குமூலம் வாங்கும் காவலர்கள் – ஓர் ஆய்வு.'

"கீழ கையெழுத்துப் போடுங்க மேடம். பயப்படாதீங்க, உங்க பேரு எக்காரணம் கொண்டும் வெளிய வராது."