நல்ல டயர்

"இந்த டயர் இன்னும் தேயவே இல்லையே, இதை எதுக்குக் கழட்டுறீங்க?"

வீட்டுப் பின்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவன் தூக்கிவாரிப் போட நிமிர்ந்தான். நர்ஸ் சீருடைகூட மாற்றாமல், தோளில் பையோடு மனைவி நின்றிருந்தாள். வழக்கமாக அவள் வீடு திரும்ப ஆறு மணியாகும். இப்போது மூன்றுகூட ஆகவில்லை.

"நீ என்ன இந்நேரத்துல?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"வழுக்குது. மழை வந்தா ஆபத்து."

"முக்குல பஞ்சர் கடையில கொடுத்தா பத்து நிமிஷ வேலை."

"கடை பூட்டியிருக்கு."

"இப்பதான் கடைக்காரரைத் தாண்டி வர்றேன். ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

அச்சகத்தில் காகிதம் வெட்டிப் பழகிய கை அவனுடையது. இரும்பு லிவர் வழுக்கி, இரண்டு விரல்களில் தோல் உரிந்திருந்தது. செங்கல்லில் சாய்த்து வைத்திருந்த போனில் ஒருவன் சிரித்தபடி டயர் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். "ரொம்ப ஈஸிங்க" என்றான் நான்காவது முறையாக. பைக், பின் சக்கரம் இல்லாமல் மரக்கட்டை மேல் நின்றது.

கழற்றிய பழைய டயரைச் சுவரோரம் தள்ளிவிட்டு, புது டயரின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினான். டியூபைச் செருகினான். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து ரிம்மைப் பிடித்துக்கொண்டாள். கடைசி நான்கு விரற்கடை மட்டும் உள்ளே போவேனா என்றது. இருவரும் முழங்காலால் அழுத்தினார்கள். போனது.

பம்ப்பை மாட்டி மிதிக்க ஆரம்பித்தவன், தலையைத் தூக்காமல் கேட்டான்.

"அந்தப் பெரியவர் எப்படி இருக்கார்?"

"எந்தப் பெரியவர்?"

"நேத்து சாயங்காலம் பாலத்துக்குக் கீழ யாரோ இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டாங்களாமே. பேப்பர்ல போட்டிருந்தான்."

அவள் ரிம்மிலிருந்து கையை எடுத்தாள்.

"என் வார்டுலதான் இருக்கார். இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. காலையிலதான் கண்ணைத் திறந்தார். திறந்ததும், 'நீ சாப்பிட்டியாம்மா? முகம் வாடியிருக்கே'ன்னு என்னைக் கேட்டார்."

"பிழைச்சுக்குவார்ல?"

"பிழைச்சுக்குவார். நடப்பாரான்னுதான் தெரியல. போலீஸ் வந்துட்டுப் போச்சு. அங்க நடைபாதைக்குப் புதுசா சிமெண்ட் போட்டிருந்தாங்களாம். ஈரத்துல டயர் தடம் அச்சுக் குத்தின மாதிரி விழுந்திருக்காம். டயர் மாத்த யாராவது வந்தாங்களான்னு ஒவ்வொரு கடையா விசாரிக்கிறாங்க."

பம்ப் நின்றுவிட்டது.

அவள் எழுந்து சுவரோரம் போனாள். பழைய டயரைத் திருப்பிப் பார்த்தாள். பள்ளங்களுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினாள். பொடியாக உதிர்ந்தது.

டயர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ... ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"டயர்ல சிமெண்டைப் பார்த்ததும் எனக்கு வேற வழி தெரியலடி."

"நின்னு தூக்கியிருக்கலாம். பயந்து ஓடியாச்சு."

"பதட்டத்துல நடந்தது. வேணும்னு செஞ்சதா?"

"அவரோட பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. இடிச்சவங்க நல்லாவே இருக்க மாட்டாங்கன்னு சொன்னா. நான் மரம் மாதிரி நின்னேன். அதுக்கப்புறம் யாருக்கும் ஊசி போட முடியல. பாதியிலயே கிளம்பிட்டேன்."

அவன் மறுபடி வெறித்தனமாக மிதித்தான். 'டப்' என்று வெடித்ததுபோல் ஒரு சத்தம். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்கார்ந்த சத்தம் அது. அவன் சக்கரத்தை மெல்லச் சுற்றி, ஓரக்கோடு எல்லா இடத்திலும் ஒரே அளவில் தெரிகிறதா என்று பார்த்தான். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தது. காற்றை இறக்கிவிட்டு மீண்டும் சோப்புத் தண்ணீரை எடுத்தான்.

"போதும், விடுங்க. பழசையே மாட்டுங்க."

"பைத்தியமா உனக்கு? மாட்டிக்கிட்டா வேலை போயிடும். ஜெயிலுக்குப் போகணும். நம்ம பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்து கேட்டா என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்லலாம்."

"பேசாம இரு. ராத்திரியே இந்தப் பழைய டயரைத் துண்டு துண்டா வெட்டிடறேன். யாருக்கும் தெரியாது."

"என்னங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு..."

வாசல் கேட் கிறீச்சிட்டது. ஒரு பெண் இன்ஸ்பெக்டரும் ஒரு காவலரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமே வந்துவிட்டார்கள். கழன்று கிடந்த டயரையும் சோப்பு நுரையையும் இன்ஸ்பெக்டர் ஒரு பார்வை பார்த்தார்.

அவன் மனைவியை மறைத்தபடி இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றான்.

"மேடம், வண்டி என்னுதுதான். நேத்து ஓட்டினதும் நான்தான். அவரை இடிச்சதும் நான்தான். இவளுக்கு எதுவுமே தெரியாது."

இன்ஸ்பெக்டர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவன் தோளுக்கு மேலாக அவளிடம் கேட்டார்:

"வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லணும், அரை மணி நேரம் கொடுங்கன்னு ஸ்டேஷன்ல அழுதீங்களே... நேத்து இந்த வண்டியை ஓட்டிட்டுப் போய் இடிச்சது நீங்கதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்ததை இன்னும் சொல்லலையாம்மா?"