இவருக்குப் பதில் இவர்

மூன்று தொடர்களில் ஊரையே அழவைத்த நடிகை பூரணி, நான்காவதிலிருந்து விலகி அம்மா வீட்டுக்கு வந்தாள். அன்றே டிவியில் அவள் படத்துக்குப் பக்கத்தில் இன்னொருத்தியின் படம் தோன்றியது: 'இனி இவருக்குப் பதில் இவர்'. புதியவள் பூரணி கட்டிய அதே புடவையில் அழத் தொடங்கினாள். அம்மாவும் கூடவே மூக்கைச் சிந்தினாள்.

"யாரோ ஒருத்திக்காக அழுறியேம்மா!"

"இத்தனை வருஷமா எம்பொண்ண இந்தப் பொட்டியிலதானடி பாத்தேன்?"

"அப்ப நான் யாரு?"

அம்மா முந்தானையால் பூரணியின் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். துணியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். பவுடர் எதுவும் ஒட்டவில்லை.

"சரி, இனிமே அவளுக்குப் பதில் நீ. சாப்பிடு."

டிவியில் அழுகை ஓயவில்லை. பூரணி இன்னும் இரண்டு இட்லி கேட்டாள்.